பதிவுத் தபாலைத் திருப்பி அனுப்பாதீர்கள்

வங்கியிலிருந்து பதிவுத் தபால் வந்தால், ‘கையெழுத்துப் போட்டால் வம்பு’ என்று திருப்பி அனுப்பும் பழக்கம் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறது. வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவர்களுக்கு இதைவிட ஆபத்தான பழக்கம் இல்லை.

தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் அது வாராக்கடன். அதன் பிறகு 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி நோட்டீஸ் அனுப்புகிறார்கள். அதில் 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் வீட்டில் கைவைக்க முடியாது. கணக்கில் தவறு இருந்தால் எழுதிக் கொடுக்கலாம்; ஏற்காவிட்டால் காரணத்தை 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. தபாலைத் திருப்பி அனுப்பியவருக்கு இந்த 60 நாளும் தெரியாமலே போய்விடுகிறது.

அடுத்து, வீட்டை எடுத்துக்கொண்டதாகச் சுவரில் ஒட்டுவார்கள். நாளிதழிலும் விளம்பரம் வரும். பெயர், முகவரி, சர்வே எண் எல்லாம் அச்சில். நம்மைப் போன்ற பத்திரிகைகளின் விளம்பரப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாசலில் வந்து நிற்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

வருகிறவர் அன்பாகத்தான் பேசுவார். “பாக்கியை நான் கட்டிவிடுகிறேன் அண்ணே. பேருக்கு ஒரு கிரயம் போட்டுக் கொடுங்கள், ஒரு வருஷத்தில் திருப்பி எழுதித் தருகிறேன்” என்பார். சிலர் பவர் பத்திரம் கேட்பார்கள். சிலர் மேனேஜரைத் தெரியும் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு போவார்கள். அவமானத்தில் அக்கம்பக்கத்தில் யாரிடமும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். திருப்பித் தருவேன் என்ற நிபந்தனை அந்தக் கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால்தான், சொத்து மாற்றச் சட்டத்தின் 58ஆம் பிரிவு அதை அடமானமாகப் பார்க்கும். வாய்ச்சொல்லையும் தனியாக எழுதிய துண்டுக் காகிதத்தையும் நம்பினால், பதிவு அலுவலகக் கணக்கில் அது சுத்தமான விற்பனை. பணம் கட்டுவதானால் கடன் கணக்கிலேயே நேரடியாகக் கட்டி ரசீது வாங்க வேண்டும். ஒரே தவணையில் முடிப்பதாக வங்கி சம்மதித்தால், அதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

போன வீட்டுக்குப் பதில் இன்னொன்று பார்த்துக்கொள்ளலாம் என்பது மற்றவர்களுக்குச் சரி. சாதி கேட்டுவிட்டு வாடகை வீட்டை மறுக்கும் ஊர்களில் நமக்கு அது சரிப்படாது. பட்டாவுக்கு அப்பா நடந்த நடையை மகன் இன்னொரு முறை நடக்க வேண்டியிருக்கும்.

வீட்டை எடுத்துக்கொண்ட பிறகும் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அது சென்னை, கோவை, மதுரையில்தான் இருக்கிறது; பஸ் செலவும் வக்கீல் செலவும் பயமுறுத்தும். ஆனால் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமானச் சான்று கேட்க இடமில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சாதிச் சான்றிதழோடும் நோட்டீசோடும் போனால் போதும். போக முடியாதவர்கள் 15100க்கு அழைக்கலாம். ஏல அறிவிப்பு வெளியாகும் முன் முழு பாக்கியையும் கட்டினால் வீடு திரும்பும். ஏலமே போனாலும், கடனும் செலவும் கழித்து மிஞ்சும் பணம் நமக்குத்தான் சேர வேண்டும். அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

வீட்டைக் காலி செய்துதரக் கோரி நிதி நிறுவனங்கள் மனுப் போடுவது கலெக்டரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோதான். கலெக்டரிடம் நாம் கேட்பது ஒன்றே: அப்படி வரும் ஒவ்வொரு மனுவின் நகலும் அன்றே சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும், இலவச வக்கீல் உண்டு என்ற விவரம் தமிழில் எழுதி அந்தக் குடும்பத்தின் கையில் சேர வேண்டும், போலீஸ் பாதுகாப்போடு பூட்டு வந்து சேர்வதற்கு முன்பாக.