"ஒரு வார்த்தை பேசியிருந்தா முடிஞ்சிருக்கும்" கோஷ்டிக்கு...

டிஸ்கி: 'யாகாதே கிமி நி நாரு' மங்காவின் முடிவு வரை இதில் வருகிறது. இன்னும் படிக்காதவர்கள் எட்டுத் தொகுதிகளையும் முடித்துவிட்டு வரலாம். அவசரம் ஒன்றுமில்லை.

இரண்டு பெண்களின் காதலைச் சொல்லும் மங்கா எதை எடுத்தாலும் சரி, ஒரு கோஷ்டி கையில் கடிகாரத்தோடு வந்து உட்கார்ந்துவிடும். "இவளுக்கு அவளைப் பிடிச்சிருக்கு, அவளுக்கு இவளைப் பிடிச்சிருக்கு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருந்தா மூணாவது அத்தியாயத்துலயே கதை முடிஞ்சிருக்கும். எதுக்கு இந்த ஜவ்வு?"

நாகாதானி நியோ 2015 முதல் 2019 வரை 'தெங்கெக்கி தாயோ' இதழில் எழுதி வரைந்த இந்தத் தொடருக்கும் அதே தீர்ப்புதான். அதிலும் 2018-இல் வந்த 13 வார அனிமேயை மட்டும் பார்த்தவர்கள் இன்னும் சூடாகச் சொல்கிறார்கள். அனிமே பாதிக் கதையிலேயே நின்றுவிடுகிறது, பள்ளி நாடகம் மேடையேறும் இடம்கூட அதில் வராது. பாதி கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு நஷ்டம் என்று எழுதுகிற ஆடிட்டர் மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த "ஒரு வார்த்தை" எது?

ஜப்பானியத்தில் அது 'சுகி'. நம்முடைய 'பிடிக்கும்' மாதிரியான சொல். பாயசம் பிடிக்கும், மழை பிடிக்கும், பக்கத்து வீட்டு நாய்க்குட்டி பிடிக்கும், உன்னைப் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். எந்தப் 'பிடிக்கும்' என்பது கேட்கிறவர் தலையில்தான் முடிவாகும். பையன் பெண்ணிடம் தயங்கித் தயங்கி அதைச் சொன்னால் ஊரே அர்த்தம் எடுத்துக்கொடுக்கும், ஆயிரம் சினிமா பின்னால் நிற்கிறதே. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொன்னால்? "எனக்கும் உன்னைப் பிடிக்கும்டி" என்று தோளில் தட்டிவிட்டுக் கேன்டீனுக்குப் போய்விடுவாள். பேசிவிட்டால் புரிந்துவிடும் என்பது யாருக்கு உண்மையோ, அவர்கள்தான் அதை எல்லோருக்குமான சட்டம் மாதிரி சொல்கிறார்கள்.

கதாநாயகி கொய்தோ யூ இதற்கும் ஒரு படி முன்னால் தடுக்கி நிற்கிறாள். நடுநிலைப் பள்ளி முடிக்கும் அன்று ஒரு பையன் அவளிடம் காதலைச் சொல்கிறான். மங்காவிலும் பாட்டிலும் சொன்ன மாதிரி இதயம் பறக்கும் என்று காத்திருந்தால், ஒன்றும் பறக்கவில்லை. உயர்நிலைப் பள்ளிக்கு வந்ததும் மேல் வகுப்பு அக்கா நானாமி தோக்கோவைச் சந்திக்கிறாள். யார் வந்து காதல் சொன்னாலும் மறுக்கிற ஆள். "அப்பாடா, நம்மைப் போல ஒருத்தி" என்று யூ நிம்மதியானால், அதே தோக்கோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உன்மேல்தான் காதல் வரும்போலிருக்கிறது என்கிறாள். கூடவே ஒரு நிபந்தனை: நீ மட்டும் என்னைக் காதலித்துவிடாதே.

இங்கேதான் கடிகாரக் கோஷ்டி தலையில் அடித்துக்கொள்கிறது. ஏன் இந்தக் கிறுக்குத்தனம்?

கிறுக்குத்தனம் இல்லை சாமி. தோக்கோவின் அக்கா மியோ ஏழு வருடம் முன்னால் விபத்தில் இறந்தவள். அக்கா தங்கை இருவரும் யார் கடைக்குப் போவது என்று கைவிளையாட்டில் முடிவு செய்தார்கள், தோற்ற அக்கா போனாள், திரும்பவில்லை. அன்றிலிருந்து தோக்கோ அக்காவாகவே வாழ்கிறாள். அக்கா மாதிரி நடை, அக்கா மாதிரி படிப்பு, அக்கா இருந்த மாணவர் மன்றத் தலைவர் நாற்காலி. ஊர் மெச்சுவது அந்த வேஷத்தை. அவளுக்கோ தன்னைக் கண்டாலே ஆகாது. இப்போது யாராவது 'சுகி' என்றால் அது யாருக்கு? வேஷத்துக்கு என்றால் பொய். உள்ளே இருப்பவளுக்கு என்றால், அவளையே அவளுக்குப் பிடிக்காதபோது அடுத்தவள் சொல்வதை எப்படி நம்புவாள்? தோக்கோவின் கணக்கில் 'சுகி' என்பது ஒரு விலங்கு. இப்படி இருக்கும் உன்னைப் பிடிக்கும் என்றால், இப்படியே இரு, மாறினால் பிடிக்காது என்றுதானே பொருள்?

அனிமேயின் ஆறாவது பகுதியின் தலைப்பைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்? 'சொற்களைப் பூட்டிவைத்து', 'சொற்களால் பூட்டிவைத்து' என்று இரட்டைத் தலைப்பு. ஜப்பானியத்தில் ஒரே ஓர் இடைச்சொல் மாறுகிறது, தமிழில் வேற்றுமை உருபு மாறுகிற மாதிரி. ஆற்றின் நடுவே கற்களில் கால் வைத்துத் தாண்டும் காட்சி அதில்தான். அக்காவாக இருப்பதை நிறுத்தலாமே என்று யூ நேராகவே சொல்லிப் பார்க்கிறாள். ஆம், வாயைத் திறந்து, தெளிவாக! தோக்கோ வாசலைச் சாத்துகிறாள். நான் யாரையும் காதலிக்கமாட்டேன் என்று யூ பொய் சொல்லித்தான் அவள் பக்கத்தில் இருக்கும் இடத்தைக் காப்பாற்றிக்கொள்கிறாள். இதைத் 'தவறான புரிதல்' என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? (ஒப்பந்தச் சட்ட வகுப்பின் முதல் வாரத்திலேயே சொல்வார்கள், மௌனம் சம்மதம் ஆகாது என்று. யூவின் மௌனத்தை தோக்கோ சம்மதமாக எடுத்துக்கொண்டது அவள் குற்றம்தான். அதை யாரும் மறுக்கவில்லை.)

பேசினால் தீரும் என்பவர்கள் சாயெக்கி சயாகாவைக் கண்டும் காணாத மாதிரி தாண்டிப் போவது ஏன்? நடுநிலைப் பள்ளியில் ஒரு மேல் வகுப்புப் பெண் சயாகாவிடம் 'சுகி' என்று குழப்பமே இல்லாமல் சொன்னாள். பிறகு, நாம் இனி குழந்தைகள் இல்லை என்று அதே தெளிவோடு விலகினாள். பின்னாளில் வழியில் பார்த்தபோது, நீயும் இப்போது சாதாரணப் பெண்ணாகிவிட்டாய்தானே என்கிற தொனியில் அக்கறை வேறு. தெளிவான வார்த்தை வந்து என்ன ஆயிற்று? அதே சயாகா, கியோத்தோ சுற்றுலாவில் தோக்கோவிடம் தன் மனதைச் சொல்கிறாள். துளி மயக்கம் இல்லை. பதிலும் மயக்கமில்லாத 'இல்லை'. மொத்தத் தொடரிலும் மிகச் சரியாக நடந்த உரையாடல் அதுதான், நெஞ்சை அறுப்பதும் அதுதான்.

'அந்த வயசுக் கோளாறு' என்பது அந்த மேல் வகுப்புப் பெண்ணின் கண்டுபிடிப்பு இல்லை. நூறு வருடம் முன்னால் ஜப்பானியப் பெண்கள் பள்ளிகளில் இப்படிப்பட்ட நெருக்கத்துக்கு 'எஸ்' என்று பெயர் வைத்து, பட்டமளிப்போடு முடிந்துவிடும் என்று பெரியவர்கள் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். அந்த உலகத்தைக் கதைகளாக எழுதிப் பேர் வாங்கிய யோஷியா நோபுகோ என்ன செய்தார்? 1923-இல் சந்தித்த மொன்மா சியோவோடு, 1973-இல் சாகும் வரை வாழ்ந்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சட்டத்தில் வழியில்லாததால் 1957-இல் சியோவை மகளாகத் தத்தெடுத்தார். ஐம்பது வருடக் 'கோளாறு'!

இன்னொரு கோஷ்டி எதிர்ப்பக்கம் நிற்கிறது. யூவுக்குக் காதலே வராது, அதுதான் அவள் அடையாளம், கடைசியில் ஆசிரியர் அவளை மாற்றிக் கெடுத்துவிட்டார் என்பது அவர்கள் வழக்கு. அப்படிப்பட்டவர்கள் கதைகளில் அபூர்வம், அவர்கள் ஏமாற்றத்தில் நியாயம் உண்டு. ஆனால் கதைக்குள்ளேயே மாக்கி இருக்கிறான். அடுத்தவர் காதலைப் பார்க்கப் பிடிக்கும், தனக்கு வேண்டாம் என்று தெளிவாக இருக்கும் பையன். ஆசிரியர் அவனைக் கடைசி வரை 'குணப்படுத்தவில்லை'. யூ அவனிடமிருந்து வேறுபடுவது ஒரே இடத்தில்: அவளுக்கு வேண்டும், வரவில்லையே என்று தவிக்கிறாள்.

பள்ளி நாடகம் எல்லா முடிச்சையும் ஒரே இடத்தில் வைக்கிறது. நினைவிழந்த ஒரு பெண். தோழி, குடும்பம், காதலி என்று மூன்று பேர் வந்து மூன்று விதமான 'நீ' சொல்கிறார்கள். முதலில் எழுதிய முடிவில் அவள் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறாள். யூதான் எழுதிய தோழியிடம் மன்றாடி முடிவை மாற்றுகிறாள். மேடையில் அந்தப் பெண்ணாக நிற்பது தோக்கோ. நேரே சொல்ல முடியாததை முந்நூறு பேர் முன்னால் அவள் வாயாலேயே சொல்லவைக்கிறாள் யூ. முந்நூறு என்பது ஒரு பேச்சுக்கு, அரங்கம் நிறைந்திருந்தது.

அதன் பிறகும், யூ பொறுக்கமுடியாமல் 'சுகி' என்று சொல்லியே விடும்போது, தோக்கோ வாயில் வருவது 'கோமென்', மன்னித்துவிடு. எதற்கு மன்னிப்பு? இத்தனை நாள் வாயைக் கட்டி வைத்ததற்கா, கவனிக்காததற்கா, பயந்ததற்கா? யூ அதை மறுப்பாக எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள். கோஷ்டி கேட்ட அந்த ஒரு வார்த்தை சொல்லியாகிவிட்டது, பதிலுக்கும் ஒரு வார்த்தை வந்துவிட்டது, கிடைத்தது இதுதான்.

பிறகு மாணவர் மன்ற அறையில் இருவரும் உட்கார்ந்து பேசும்போது, வானத்திலிருந்து நட்சத்திரம் மாதிரி வந்து விழும் என்று காத்திருந்தேன், அப்படி வரவில்லை, நானாகத்தான் தேர்ந்தெடுத்தேன் என்கிற அர்த்தத்தில் யூ சொல்கிறாள். மூன்றாவது அத்தியாயத்தில் இதைச் சொல்ல அவளிடம் 'நான்' என்று ஒருத்தி இல்லை. கேட்டுக்கொள்ள எதிரேயும் ஒருத்தி இல்லை, இறந்துபோன அக்காதான் உட்கார்ந்திருந்தாள்.