பர்கருக்குள்ளும் பெரியகறிதான்

சீஸ் பர்கர் என்றால் கொத்தின மாட்டுக்கறியும் அதன்மேல் உருகின சீஸும். இதில் மாட்டை எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டதுதான் நம் நாட்டுச் சாதி இந்து நாகரிகம். 1996இல் டெல்லியில் மெக்டொனால்ட்ஸ் முதல் கடையைத் திறந்தபோது மாட்டுக்கறி இல்லாமல்தான் திறந்தது. ஆட்டுக்கறியில் 'மகாராஜா மேக்' என்று ஒன்றைப் போட்டது. உலக முதலாளியம் எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டு வரும் என்றார்கள். சாதியின் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அது உள்ளே வந்தது.

இத்தனைக்கும் இது சீமான் வீட்டுப் பண்டம் இல்லை. 1921இல் அமெரிக்காவில் வொயிட் காசில் கடை அஞ்சு சென்ட்டுக்கு விற்ற பண்டம். இன்றைக்கு அதுவே 'உயர்ரக உணவு'. அதே கறி நம்ம சேரிச் சட்டியில் வெந்தால் நாற்றம்!

வீட்டில் செய்யலாம். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து வயசைத் தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்றிதழ் வாங்கின மாட்டைத்தான் அறுக்க முடியும். 1976 அரசாணைக்குப் பிறகு பசுவுக்கு அதுவும் கிடையாது. ஆக நம் கைக்கு வருவது உழைத்து ஓய்ந்த மாட்டின் முற்றின கறி. நம்ம பொம்பளைங்க அதைக் குக்கரில் மணிக்கணக்கில் வேகவைப்பதும், உப்புக்கண்டம் போடுவதும் சும்மா இல்லை. முற்றின கறியை மெத்தென்று ஆக்க இன்னொரு வழி, கொத்துவது. பர்கரின் சூட்சுமமே அதுதான்.

நாலு பேருக்கு 400 கிராம் கறி, 100 கிராம் கொழுப்பு. கொழுப்பை மிச்சம் பிடிக்காதீர்கள், வறண்டுவிடும். சில்லென்று இருக்கும்போதே கொத்தவேண்டும். பிசையக்கூடாது, முன்கூட்டியே உப்புச் சேர்க்கவும் கூடாது, இறுகி ரப்பர் ஆகிவிடும். நாலாகத் தட்டி, கல்லில் போடும்போது மேலே உப்பும் மிளகுத்தூளும் தூவினால் போதும். காய்ந்த தோசைக்கல்லில் அடி நன்றாகச் சிவந்ததும் திருப்பி, சீஸை வைத்து மூடுங்கள். கொத்தின கறியில் கிருமி உள்ளேயும் கலந்துவிடும், அதனால் நடுவில் சிவப்பு இல்லாமல் வேகட்டும். வழிந்த கொழுப்பிலேயே பன்னை வாட்டி, வெங்காயம் வைத்தால் முடிந்தது. இஞ்சி பூண்டு வேண்டாம். எங்க அம்மா பார்த்துவிட்டு, "கறிவடையை பன்னுக்குள்ள வெச்சிருக்கே, இதுக்கா இவ்ளோ பேச்சு?" என்றாங்க.

சீஸ் பாக்கெட்டைப் பாருங்கள், பச்சைப் புள்ளி இருக்கும். மாட்டு மடியிலிருந்து வந்தால் பச்சைப் புள்ளி, தொடையிலிருந்து வந்தால் தீட்டு! எங்கள் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துப் பசு லட்சுமி 1948 ஜூனில் செத்தபோது சமாதி கட்டி, அதற்கு முக்தி கிடைத்ததாகக் கல்லிலும் பொறித்தார்கள். பசுவுக்குச் சமாதி கட்டினதில் எனக்கு வருத்தமில்லை. அதே 1948இல்தான் அம்பேத்கர், மாட்டுக்கறி தின்றதே தீண்டாமைக்கு வேர் என்று நூல் எழுதினார். பசு முக்தியடைந்த இதே மாவட்டத்தில், தென்முடியனூர்த் தலித்துகள் அம்மன் கோயிலுக்குள் கால்வைக்க 2023 ஜனவரி வரை காத்திருந்தார்கள், அதுவும் போலீஸ் காவலோடு.

அதே 2023 ஆகஸ்டில் ஆளுநர் ஆர்.என்.ரவி வந்தார். கிரிவலப் பாதையில் அசைவ உணவகங்கள் இருப்பது பக்தர்களுக்கு வேதனை என்றார். பதினாலு கிலோமீட்டர் பாதை. அதன் ஓரத்தில் ஊர்களும் சேரிகளும் இருக்கின்றன, அங்கே அடுப்பு எரிகிறது. இன்றைக்குக் கடை, நாளைக்கு வீடு. நாளைக்கு என்ன, இப்பவே வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் "என்ன சமைப்பீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. சாதியைக் கேட்க இப்போ அதுதான் நாகரிகமான வழி.

2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணியை விலக்கியபோது, இது பாகுபாடு என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது. மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் அனுப்ப யார் இருக்கிறார்கள்? அறை எடுத்துப் படிக்கிற தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பாருங்கள். கொழுப்பு புகையும், சன்னலைத் திறந்து வையுங்கள்.