கடைமடைக்கு வராத வெளிநாட்டு நிதி

2004 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டுக் கரையில் ஏறத்தாழ 8,000 பேரைக் கடல் கொண்டது. பெரும்பாலானோர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர். அடுத்து வந்த மாதங்களில் அந்தக் கரைக்கு உலகெங்கிலுமிருந்து பணம் வந்தது. கொடுத்தவர்களில் பலர் படகு வாங்கித்தர விரும்பினார்கள். படகு கண்ணுக்குத் தெரியும். அதில் கொடுத்தவர் பெயரை எழுதலாம். படம் எடுத்து அனுப்பலாம். ஓரிரு ஆண்டுகளில், சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகமான ஃபைபர் படகுகள் கரையில் நின்றன. அவசரத்தில் கட்டப்பட்ட பலவற்றின் தரம் மோசமாக இருந்தது. அதே வேளையில், கூடையில் மீன் சுமந்து விற்ற பெண்களும், வயலில் உப்பேறியதால் கூலி போன தலித் தொழிலாளர்களும், கழிமுகத்தில் கையால் இறால் பிடித்த இருளர்களும் நிவாரணப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். பறிகொடுத்ததாகக் கணக்குக் காட்ட அவர்களிடம் படகு இருக்கவில்லை.

இவர்களும் பாதிக்கப்பட்டவர்கள்தாம் என்று எடுத்துச் சொன்னவை, சுனாமிக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அந்தக் கிராமங்களில் வேலை செய்த உள்ளூர் அமைப்புகள். மீனவப் பெண்களிடையே 1980-களிலிருந்து இயங்கிவந்த ஸ்நேகாவும், மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து நாகையில் ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை நடத்தின. எந்தத் தெருவில் யார் விடுபட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடல்தாண்டி வரும் கொடை உரியவரிடம் சேர்வதும் சேராததும் இந்த அறிவைப் பொறுத்தது. கொடையாளரையும் அந்த அறிவையும் இணைத்த வழியைத்தான் இந்தியச் சட்டம் இன்று அடைத்துவைத்திருக்கிறது.

அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-இல் பிறந்தது. 2010-இல் புதிதாக எழுதப்பட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் விதி வந்தது. பெரிய மாற்றம் 2020-இல் நடந்தது. செப்டம்பர் 20 அன்று மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா, 23 அன்று மாநிலங்களவையையும் தாண்டிவிட்டது. வெளிநாட்டு நிதி முதலில் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக்கே வரவேண்டும், நிர்வாகச் செலவு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காட்டுக்குக் குறையவேண்டும் என்ற இரண்டும்தான் அப்போது அதிகம் பேசப்பட்டன. கன்னியாகுமரியில் இருக்கும் சங்கத்துக்கு டெல்லியில் எதற்குக் கணக்கு என்ற கேள்வி நியாயமானதே. ஆனாலும் அது ஒருமுறைச் சிரமம். உயிர்நிலையில் அடித்தது 7-ஆவது பிரிவு. வெளிநாட்டு நிதி பெற்ற ஓர் அமைப்பு அதில் ஒரு ரூபாயைக்கூட வேறொரு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது. அந்த அமைப்பும் அதே சட்டத்தில் பதிவு பெற்றிருந்தாலும் கூடாது.

இதன் பாரம் புரிய, அதற்கு முன் பணம் எப்படி இறங்கிவந்தது என்று பார்க்கவேண்டும். ஜெனீவாவிலோ பெர்லினிலோ இருக்கும் ஓர் அறக்கட்டளையால் தமிழ்நாட்டின் முப்பது சிறு சங்கங்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் தமிழ் நோட்டுக் கணக்கைப் படித்து, தனித்தனியாக நிதி தர முடியாது. எனவே, சென்னையிலோ மதுரையிலோ உள்ள நடுத்தர அமைப்பு ஒன்றிடம் ஒரு தொகை கொடுக்கும். அந்த அமைப்பு அதைச் சில லட்சங்களாகப் பிரித்து, செங்கல் சூளைக் கொத்தடிமைகளை மீட்கும் குழுவுக்கும், நிலப் பட்டா கேட்டு நடக்கும் பழங்குடிப் பெண்கள் சங்கத்துக்கும் கொடுக்கும். கணக்கு எழுதக் கற்றுத்தரும். ஆங்கில அறிக்கையைத் தானே எழுதும். தலைமதகில் திறந்த நீர் கிளை வாய்க்கால்கள் வழியாகத்தானே கடைமடைக்கு வரமுடியும்? 2020-இன் திருத்தம் கிளை வாய்க்கால்களைத் தூர்த்துவிட்டது. தலைமதகுக்குப் பக்கத்து வயல்கள் இன்றும் பச்சையாகத்தான் இருக்கின்றன.

சிறிய அமைப்பு தானே பதிவு செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். பதிவு கேட்க ஓர் அமைப்புக்குக் குறைந்தது மூன்று ஆண்டு வயதாகியிருக்கவேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்கவேண்டும் என்கிறது விதி. இந்த வரம்பும் 2020 நவம்பரில்தான் 10 லட்சத்திலிருந்து உயர்த்தப்பட்டது. உள்ளூரிலேயே 15 லட்சம் திரட்ட முடிந்த இருளர் சங்கம் எத்தனை இருக்கும்? 2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கதவடைப்பின் விலை தெரிந்தது. கொரோனா அலையில் மருத்துவமனைகளில் ஆக்சிஜன் இல்லாமல் மக்கள் மாண்டுகொண்டிருந்தபோது வெளிநாட்டிலிருந்து உதவி வந்து இறங்கியது. அதைப் பெற்ற பெரிய அமைப்புகள், கிராமங்களில் ஆள் வைத்திருந்த சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்துதரச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

அரசின் வாதத்தை அலட்சியப்படுத்த முடியாது. 2010-க்கும் 2019-க்கும் இடையில் வெளிநாட்டு நிதி ஏறக்குறைய இருமடங்கானது, பலர் பெற்ற நோக்கத்துக்குச் செலவிடவில்லை, 19,000-க்கும் மேற்பட்ட அமைப்புகளின் பதிவு ரத்தானது, பணம் கைமாறக் கைமாறத் தடம் மறைகிறது என்றது உள்துறை அமைச்சகம். இந்தத் திருத்தத்தை எதிர்த்து வந்த நோயல் ஹார்ப்பர் வழக்கில் 2022 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும் இதை ஏற்று, வெளிநாட்டு நன்கொடை பெறுவது முழுமையான உரிமையாகாது என்றது. மோசடி நடந்திருக்கிறது, பெயரளவு அமைப்புகள் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் பதிவு பெற்ற ஒருவர் பதிவு பெற்ற இன்னொருவருக்குக் கொடுத்தபோது, இருவரும் அதே அமைச்சகத்துக்கு ஆண்டுக் கணக்குக் காட்டினார்கள். தடம் அமைச்சகத்தின் கையிலேயே இருந்தது. தடம் தெரியவேண்டும் என்ற அதே அமைச்சகம், 2022 ஜூலையில் அமைப்புகளின் ஆண்டு அறிக்கைகளைத் தன் இணையதளத்தில் பொதுமக்கள் பார்வையிலிருந்து அகற்றியது. வெளிப்படைத்தன்மையைக் காரணமாகச் சொன்ன சட்டத்துக்கு இது பொருந்தவில்லை.

அரசியல் கட்சிகள் விஷயத்தில் நாடாளுமன்றம் நடந்துகொண்ட விதமும் நினைவுக்கு வருகிறது. வேதாந்தா குழும நிறுவனங்களிடமிருந்து காங்கிரசும் பாஜகவும் நன்கொடை பெற்றது இச்சட்டத்துக்கு எதிரானது என்று 2014-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016, 2018 நிதிச் சட்டங்கள் வெளிநாட்டு நிதிமூலம் எது என்ற வரையறையையே மாற்றின. அந்த மாற்றம் 1976 வரை பின்னோக்கிச் செல்லுபடியாகும்படி செய்யப்பட்டது. கட்சிகளுக்கு 42 ஆண்டுகள் பின்னோக்கிக் காட்டிய தாராளத்தில் ஒரு பங்கைக் கிராமச் சங்கங்களுக்கு முன்னோக்கிக் காட்டியிருக்கலாம்.

நிர்வாகச் செலவு வரம்பையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். மருத்துவமனை மருத்துவரின் சம்பளமும் பள்ளி ஆசிரியரின் சம்பளமும் நிர்வாகச் செலவாகாது என்று விதி பெயர் சொல்லியே விலக்குகிறது. ஊர் ஊராய்ப் போய்ப் பெண்களைக் கூட்டி, மனு எழுதவைத்து, தாசில்தார் அலுவலகத்துக்கு அழைத்துப்போகிறவரை அது பெயர் சொல்லவில்லை. கட்டடம் கட்டும் அமைப்புக்கு 20 விழுக்காடு போதும். மனிதர்களைத் திரட்டும் அமைப்பில் வேலையே மனிதர்கள்தாம்: அவர்களுடைய பஸ் கட்டணம், அலுவலக வாடகை, கணக்கரின் ஊதியம்.

இதே பார்வைக் கோளாறு கொடையாளர்களிடமும் இருக்கிறது என்பதையும் சொல்லியாகவேண்டும். 2016-இல் இஸ்தான்புல்லில் பெரிய கொடை நாடுகளும் உதவி நிறுவனங்களும் கூடி, 2020-க்குள் மனிதாபிமான நிதியில் 25 விழுக்காட்டை உள்ளூர், தேசிய அமைப்புகளுக்கே முடிந்தவரை நேரடியாகத் தருவதாக ஒப்புக்கொண்டன. அந்த இலக்கின் அருகில்கூட அவை போகவில்லை. ஓராண்டு, ஈராண்டு ‘ப்ராஜெக்ட்’டுக்குக் கொடுத்துவிட்டு, எண்ணிக்காட்டக்கூடிய விளைவைக் கேட்கும் பழக்கம் மாறவில்லை. பத்தாண்டு உழைப்பில் கிடைக்கும் பட்டாவை எந்தக் காலாண்டு அறிக்கையில் எழுதுவது?

பொறுமையான கொடைக்கும் நம் மண்ணில் முன்மாதிரி உண்டு. பூமிதான இயக்கத்தில் ஏழைகளுக்கு நிலம் கிடைத்தது. கிணறு வெட்டவும் ஏர் வாங்கவும் காசு கிடைக்கவில்லை. 1960-களின் இறுதியில் இத்தாலியக் காந்தியர் ஜியோவானி எர்மீலியா தன் நாட்டு நண்பர்களிடம் பணம் திரட்டி, அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தின் சேவலூரில் அந்த நிலத்தை உழவுக்குக் கொண்டுவரத் துணைநின்றார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அசெஃபா என்ற கிராம மேம்பாட்டு அமைப்பு.

உள்நாட்டுப் பணம் போதாதா என்பவர்கள், லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்கும் நிறுவனச் சட்டத்தைக் காட்டுகிறார்கள். பள்ளிக் கழிப்பறைக்கும் ஏரி தூர்வாரவும் அந்தப் பணம் வருகிறது, நல்லதே. குறைந்தபட்சக் கூலி கேட்கும் சங்கத்துக்கு எந்த ஆலை பணம் தரும்?

சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அமைப்புகளுக்கும் தனிநபர்களுக்கும் விலக்கு அளிக்க 50-ஆவது பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. பி.எம். கேர்ஸ் நிதிக்கு அப்படித்தான் விலக்குக் கிடைத்தது. பதிவு பெற்ற அமைப்புகளுக்கிடையே ஒரு படி மட்டும், கணக்கு முழுவதும் பொதுவெளியில் வைக்கப்படும் என்ற நிபந்தனையோடு நிதி பகிர அதே பிரிவின்கீழ் வழி செய்யலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட நம்மூர்க்காரர்களையும் அந்த விலக்கில் சேர்க்கவேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு துபாயில் இருப்பவர் வங்கி வழியாகத் தன் ஊர் நூலகச் சங்கத்துக்குத் தடையின்றிப் பணம் அனுப்பலாம். அவருடைய தம்பி சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்டால், அவர் அனுப்பும் நூறு டாலரை வாங்கவும் அந்தச் சங்கம் டெல்லியில் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்கவேண்டும்.