ஹெரால்ட் ஆயில் ஒழுகுவது தலைவிதியா?

பழைய இங்கிலீஷ் கார்களைப் பற்றி ஒரு ஜோக் உண்டு. கீழே ஆயில் சொட்டவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தமாம்! கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஜோக்கை நம்பியே பல நல்ல எஞ்சின்களைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

நம் ஊர் ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கேலோட்டி வரைந்து, 1959-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் இது. 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் தயாரானது. இதே ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். எஞ்சினும் ஒரே குடும்பம். அதனால் ஸ்பிட்ஃபயருக்கு உள்ள ஆயில் வியாதிகள் எல்லாம் ஹெரால்டுக்கும் உண்டு.

இங்கே வழக்கமாக நடக்கும் வைத்தியம் என்ன? ட்யூப் ட்யூபாக சிலிக்கான் பேஸ்ட்! வெளியே பிதுங்குவதைத் துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்குவதை யார் துடைப்பது? அது பிய்ந்து சேம்பரில் விழுந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் சல்லடையை அடைத்தால் பேரிங் போச்சு. அந்த கம்பெனி 1988-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டது. சொட்டு ஆயிலைக் காப்பாற்றப் போய் எஞ்சினையே இழப்பது என்ன கணக்கு?

முதலில் செய்ய வேண்டியது ரிப்பேர் அல்ல, துப்பறிதல். எஞ்சினை டீசல் விட்டுக் கழுவி, நன்றாகக் காய வைத்து, சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். கால் மணி நேரம் ஓட விட்டுப் பாருங்கள். ஆயில் மேலிருந்து கீழே இறங்கும், ஃபேன் காற்றில் பின்னால் போகும். ஆகவே சொட்டும் இடம் குற்றவாளி அல்ல. எல்லாவற்றுக்கும் மேலே, முன்னால் நனைந்திருக்கும் இடம்தான் குற்றவாளி. சேம்பர் ஒழுகுகிறது என்று நினைப்பது பெரும்பாலும் டேப்பட் கவரின் கார்க் பேக்கிங்காக இருக்கும்.

அடுத்தது ப்ரீதர். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் வாயு வெளியேற ஒரு வழி வேண்டும். அந்தக் குழாய் அழுக்கால் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, எத்தனை புது பேக்கிங் போட்டாலும் ஆயிலை வெளியே தள்ளும். காசே செலவில்லாத வேலை இது. ஆனால் பலரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள்!

மூன்றாவது, நம் ஆட்களின் கைபலம். ஒழுகினால் போல்ட்டை இன்னும் இறுக்குவது! சேம்பர் வெறும் தகரம். இறுக்க இறுக்க ஓட்டையைச் சுற்றிக் குழி விழும், கார்க் நசுங்கிப் பிளக்கும். கழற்றி, மரக்கட்டை மேல் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி விளிம்பைச் சமன் செய்த பிறகே புது பேக்கிங் போட வேண்டும். முன்பக்கத்தில் அந்த போல்ட்டுகள் பிடிப்பது ஒரு அலுமினியக் கட்டையில். அதில் மரை போய்விட்டால் பேஸ்ட் எதுவும் காப்பாற்றாது. மரையைப் புதுப்பிக்க வேண்டும்.

கடைசியாக, ஜோக்கில் இருக்கும் உண்மை. இந்த எஞ்சினின் ஆரம்ப மாடல்களில் கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. அங்கே வெட்டிய மரை, தண்டு சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். எஞ்சின் நின்றால் அந்த வேலையும் நின்றுவிடும். அருமனை போன்ற ஏற்ற இறக்கமான ஊரில் மூக்கு மேலாக நிறுத்தினால் ஆயில் பின்னால் சேர்ந்து அங்கேதான் கசியும். சரிவில் டிப்ஸ்டிக் பார்த்து அதிகமாக ஊற்றிவிட்டால் இன்னும் மோசம். சமதளத்தில் நிறுத்துங்கள், சமதளத்தில் அளவு பாருங்கள். பிறகும் ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் ஒரு தட்டு வையுங்கள், போதும். க்ளட்ச் வழுக்கினால் மட்டும் கியர்பாக்ஸை இறக்குங்கள். ஹெரால்டில் அதைக் காருக்குள்ளிருந்தே எடுத்துவிடலாம் என்பது ஒரு ஆறுதல்.

ஆக, தயாரித்தவர் விட்ட சொட்டு வேறு, நாம் விட்ட சொட்டு வேறு. முதலாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவதைப் "பழைய வண்டி அப்படித்தான்" என்று சொல்லி மறைப்பது சோம்பேறித்தனம். நம் மழைக்கு முற்றத்தில் விழுந்த ஆயில் அங்கேயே இருக்காது; சரிவில் இறங்கித் தோட்டுக்கும் கிணற்றுக்கும் போகும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் கார் பிரியர்கள் அல்லவே!