தொண்டையில் இல்லை கரகரப்பு

"ஏம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று போன வாரம் அம்மா மூன்று முறை போன் செய்துவிட்டார். காலை நிகழ்ச்சியில் என் குரல் கரகரவென்று கேட்கிறதாம். என் தொண்டைக்கு ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ்டவுன் வீட்டுக்குப் போனேன். சமையலறை ரேடியோவுக்கு மேலே புது எல்இடி பல்பு. அணைத்தேன், ரேடியோ தெளிவாகப் பாடியது. போட்டேன், மறுபடியும் கரகர!

பல்பு தந்தது சித்தி மகன். வெளிநாட்டிலிருந்து மொத்தமாக வரவழைத்து இணையத்தில் விற்கிறான். கேட்டேன். "நல்லாத்தானே எரியுது அக்கா? ஷாக்கும் அடிக்கல" என்றான்.

நன்றாக எரிந்தால் மட்டும் போதாது. பல்புக்குள் இருக்கும் சிறு மின்சுற்று, மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அதில் பிறக்கும் இரைச்சல், வீட்டு ஒயரையே ஆன்டெனாவாக்கிப் பரவும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அண்டை வீட்டு ரேடியோவும் தப்பாது. இதைத் தடுக்கும் சுருளையும் கெப்பாசிட்டரையும் சில காசு மிச்சம் பிடிக்க விட்டுவிடுகிறார்கள்.

பக்கத்துக் கருவியைத் தொந்தரவு செய்யக்கூடாது, அதன் தொந்தரவைத் தானும் தாங்க வேண்டும். இதற்குப் பெயர் மின்காந்த இணக்கம். இதற்கு உலக அளவில் தரநிலை வகுக்கும் 'சிஸ்பர்' குழு 1934இல் தொடங்கியதே, வானொலிக்கு வரும் இடையூறைத் தடுக்கத்தான். விளக்குகளுக்கு உரியது 'சிஸ்பர் 15'. ஐரோப்பாவில் மின்காந்த இணக்கம் இல்லாத பொருளுக்கு 'சிஇ' முத்திரை போடக்கூடாது. தயாரித்தவரோடு இறக்குமதி செய்பவரும் அங்கே பொறுப்பாளி.

நம் நாட்டில், வைஃபை, புளூடூத் உள்ள பொருளை விற்கத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் சான்றும் லேபிளும் வேண்டும். பிளக், அடாப்டர் போன்றவற்றுக்கு எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

விற்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: பணம் கட்டும் முன்பே சோதனை அறிக்கையைக் கேளுங்கள். அதில் உள்ள மாடல் எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

"இன்னும் இருநூறு பல்பு கையில நிக்குது அக்கா" என்றான் தம்பி. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாளே தன் விற்பனைப் பக்கத்திலிருந்து அதை எடுத்துவிட்டான். அறிக்கை கேட்டுத் தயாரிப்பாளருக்கும் எழுதியிருக்கிறான்.

அம்மா வீட்டில் இப்போது வேறு பல்பு. என் குரலும் தெளிவு. மிளகுப் பாலை மட்டும் அம்மா இன்னும் நிறுத்தவில்லை.