கோச்சடையானுக்கு நேர்ந்த அநியாயம்

'கோச்சடையான்' பேச்சை எடுத்தாலே போதும், எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடும். "அந்தப் பொம்மைப் படமா?" என்பார். படத்தைப் பார்த்தவரும் இதையே சொல்கிறார், பார்க்காதவரும் இதையே சொல்கிறார். மத்தியானத்தில் தொலைக்காட்சியில் ஓடினால் ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் அடுத்த சேனலுக்குத் தாவிவிடுகிறார். ரஜினி நடித்து 2014 மே 23ஆம் தேதி வெளியான அனிமேஷன் படம். பத்து வருஷத்துக்கும் மேலாகிவிட்டது. இத்தனை காலத்தில் இந்தப் படத்தில் எது தேறியது, எது கெட்டுப்போனது, ஏன் கெட்டுப்போனது என்று நிதானமாக உட்கார்ந்து பேசிய நாலு பேரை நான் பார்த்ததில்லை. கேலி செய்தவர்கள் உண்டு. தலைவர் படத்தைக் குறை சொல்லாதே என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் படம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. என் வயிற்றெரிச்சல் அதுதான்.

கதையிலிருந்தே தொடங்குகிறேன். அதைத்தான் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. கே.எஸ்.ரவிகுமார் எழுதியது. கோட்டைப்பட்டினத்துத் தளபதி கோச்சடையான். மக்கள் மன்னனைவிட அவரைத்தான் கொண்டாடுகிறார்கள். மன்னனுக்கு அது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கடற்போர் முடிந்து திரும்பும் வழியில் அவருடைய வீரர்கள் விஷம் கலந்த உணவைத் தின்றுவிட்டுக் கொத்துக்கொத்தாய்ச் சாய்கிறார்கள். மாற்று மருந்து எதிரி நாடான கலிங்கபுரியிடம்தான் இருக்கிறது. மருந்து வேண்டுமென்றால் அத்தனை வீரர்களையும் அங்கேயே அடிமைகளாக விட்டுவிட்டுப் போகவேண்டும். மானத்தோடு சாகவிடுவதா, அடிமையாகவாவது உயிரோடு விட்டு வைப்பதா? பிறகு வந்து மீட்டுக்கொள்ளலாம் என்று அவர் உயிரைத் தேர்ந்தெடுக்கிறார். ஊருக்குத் திரும்பினால் மன்னன் அதையே ராஜத்துரோகம் என்று சொல்லித் தலையை வாங்கிவிடுகிறான்.

மகன் ராணா வளர்ந்து கலிங்கபுரிக்கே போய், அங்கே தளபதியாகி, சுரங்கத்தில் வாடும் அந்த அடிமைகளைப் படைவீரர்கள் ஆக்கி, போருக்கு என்று அழைத்துவந்து சொந்த மண்ணில் விட்டுவிடுகிறான். படத்தின் முன்பாதியில் நாம் பார்ப்பது இதைத்தான். அப்போது அது ஏதோ ஒரு வீரனின் சாகசமாகத் தெரிகிறது. அப்பாவின் கதை தெரிந்த பிறகுதான், அவர் கொடுத்துவிட்டுப் போன வாக்கை மகன் பல வருஷம் காத்திருந்து நிறைவேற்றியிருக்கிறான் என்று புரிகிறது. தளபதி எடுத்த முடிவு சரியா தவறா என்று இரண்டு பக்கமும் வாதாட இடமிருக்கிறது. ஒரு மாஸ் படத்தில் இப்படி ஒரு கேள்வி எத்தனை தடவை நமக்குக் கிடைத்திருக்கிறது?

குறையும் உண்டு, மறைக்கவில்லை. இளவரசி வதனாவோடு வரும் காதல் பகுதி கதையோடு ஒட்டவே இல்லை. ராணாவின் தங்கையின் கல்யாண விவகாரம் அவசர அவசரமாக வந்து போகிறது. யாரும் ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்து யோசிப்பதாகக் காட்சியே கிடையாது. பேசுகிறார்கள், பாடுகிறார்கள், வாளை எடுக்கிறார்கள். ஆனால் இவையெல்லாம் திரைக்கதையை இன்னொரு முறை திருத்தி எழுதினால் சரியாகிவிடக்கூடிய குறைகள். படத்தைச் சாய்த்தவை இவை அல்ல.

ரஹ்மானின் இசையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடிய 'எங்கே போகுதோ வானம்' பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். கடலும் கப்பலும் குதிரையும் தானாகத் தெரியும். இன்னொன்று ரஜினியின் குரல். அப்பாவுக்கு ஒரு நிதானம், மகனுக்கு ஒரு துடிப்பு என்று குரலை மட்டும் வைத்தே இரண்டு ஆட்களைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அந்தப் படத்தில் முழுசாக உயிரோடு இருப்பது அந்தக் குரல்தான் என்பேன். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் நல்ல படம் என்று சொல்லவேண்டிய நிலைமை ஒரு திரைப்படத்துக்கு வரலாமா?

கோளாறு முகத்தில் இருக்கிறது. முகத்திலும் குறிப்பாகக் கண்ணில்.

இது மோஷன் கேப்சர் முறையில் எடுத்த படம். மோஷன் கேப்சர் என்றால் நடிகர் உடம்போடு ஒட்டிய உடை போட்டு, மூட்டுக்கு மூட்டு மார்க்கர் ஒட்டிக்கொண்டு நடிப்பார். சுற்றிலும் இருக்கும் கேமராக்கள் அந்த மார்க்கர்கள் எங்கே எங்கே நகர்கின்றன என்று பதிவு செய்யும். லண்டன் பைன்வுட் ஸ்டுடியோவில் அப்படித்தான் எடுத்தார்கள். அந்தப் பதிவை ஒழுங்குபடுத்தி, கணினியில் செய்துவைத்த எலும்புக்கூட்டுக்கு மாற்றவேண்டும். நடித்தவரின் உடல் அளவும் கணினி உடலின் அளவும் வேறு வேறு என்பதால் மாற்றும்போதே நடையின் கனம் குறைந்துவிடும். கால் தரையில் ஊன்றாமல் வழுக்கும். அதை ஒவ்வொரு ஃப்ரேமாக அனிமேட்டர்கள் உட்கார்ந்து சரிசெய்யவேண்டும். கருவிழிமேல் மார்க்கர் ஒட்ட முடியாது. ஒருவர் நம்மைப் பார்த்துப் பேசும்போது அவர் விழி ஓரிடத்தில் நிற்பதே இல்லை, நமக்கே தெரியாத அளவுக்குத் துடித்துக்கொண்டே இருக்கிறது. தோலும் அப்படித்தான். வெளிச்சம் தோலின் மேல் பட்டுத் திரும்புவதோடு சரி என்று கணக்குப் போட்டால் முகம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். வெளிச்சம் கொஞ்சம் உள்ளே போய்ப் பரவி வெளியே வந்தால்தான் சதை சதையாகத் தெரியும். இவை ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும், காசு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நாள் வேண்டும்.

அதனால்தான் தூரத்துக் காட்சிகள் இந்தப் படத்தில் ஓரளவு நிற்கின்றன. கோச்சடையான் ஆடும் தாண்டவத்தைப் பாருங்கள். உடம்பின் வீச்சு மட்டும் போதுமான இடம் அது, நன்றாகவே வந்திருக்கிறது. கேமரா முகத்துக்குப் பக்கத்தில் போனதும் எல்லாம் விழுந்துவிடுகிறது. சாகப்போகும் தகப்பன் மகனைப் பார்க்கிறான் என்று இசை அழுகிறது, குரல் தழுதழுக்கிறது, கண் மட்டும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறது. அனிமேஷன் படித்துவிட்டு வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒருமுறை என்னோடு உட்கார்ந்து பார்த்தான். "மாமா, கதை சூப்பரா போகுது, ஆனா மூஞ்சியைப் பார்த்ததும் அழுகை நின்னுடுது" என்றான். இதைவிடச் சரியான விமர்சனத்தை எந்தப் பத்திரிகையிலும் நான் படிக்கவில்லை.

இது முன்கூட்டியே தெரியாத ஆபத்தும் இல்லை. பொம்மை மனிதனைப்போலவே ஆக ஆக நமக்குப் பிடிக்கும், ஆனால் கிட்டத்தட்ட மனிதன் என்ற இடத்துக்கு வந்ததும் திடீரென்று அருவருப்பு தட்டும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970லேயே எழுதிவிட்டார். 2004இல் ராபர்ட் செமக்கிஸ் எடுத்த 'போலார் எக்ஸ்பிரஸ்' படத்தில் டாம் ஹாங்க்ஸின் முகத்துக்கும் இதே பேச்சு வந்தது. கண்ணில் உயிர் இல்லை என்றார்கள். ஹாலிவுட்காரர்கள் அவ்வளவு பணத்தோடு இடறி விழுந்த பள்ளம் அது.

பிறகு வந்தவர்கள் அந்தப் பள்ளத்தை எப்படிச் சுற்றிப் போனார்கள் என்று பார்த்தால்தான் எனக்கு ஆற்றாமை அதிகமாகிறது. 'அவதார்' 2009இல் வந்தது. அதைக் காட்டித்தான் நம் படத்துக்கும் ஆசை வளர்த்தார்கள். ஆனால் ஜேம்ஸ் கேமரூன் அந்தத் தொழில்நுட்பத்தை மனித முகத்தில் வைக்கவே இல்லை. நீல உடம்பும் பெரிய கண்ணும் வாலும் உள்ள வேற்றுக்கிரக ஜனங்களுக்கு வைத்தார். அவர்களை நாம் முன்பின் பார்த்ததில்லை, அதனால் ஒப்பிட ஆள் இல்லை. 2011இல் ஸ்பீல்பெர்க் 'டின்டின்' எடுத்தபோது அதே மோஷன் கேப்சரைத்தான் பயன்படுத்தினார். மூக்கும் தாடியும் உடல்வாகும் மட்டும் ஹெர்ஜே வரைந்த காமிக்ஸ் படத்தின் சாயலிலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டார். 

நாம் என்ன செய்தோம்? மனித முகத்தை எடுத்தோம். அதிலும் தமிழ்நாட்டில் கைக்குழந்தைகூட அடையாளம் சொல்லும் முகத்தை எடுத்தோம். நாற்பது வருஷமாக ஜனங்கள் அணு அணுவாகப் பார்த்து வைத்திருக்கும் கண் அசைவு, தலைமுடியைக் கோதும் வேகம், சிரிப்பதற்கு முன்னால் உதட்டோரத்தில் வரும் நெளிவு. ரஜினி என்றால் இவைதானே? இவையெல்லாம் நொடியில் பாதி நேரத்தில் வந்து மறைபவை. பெரிய அசைவுகளை மட்டும் பிடித்து, இந்தச் சின்ன அசைவுகளைக் கோட்டைவிட்டால் மிஞ்சுவது வேறு யாரோ ஒருவர். அது போதாதென்று 2009இல் காலமான நாகேஷையும் கணினியில் கொண்டுவந்தார்கள். ரப்பராக வளைந்த அந்த உடம்பை, அடுத்த நொடி எந்தப் பக்கம் திரும்பும் என்று சக நடிகர்களுக்கே தெரியாத அந்த முகத்தை. அவர்மேல் உள்ள மரியாதையில் செய்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பார்க்கும்போது மனசு வலித்தது.

உலகத்திலேயே கஷ்டமான வேலையை, அவதாருக்குச் செலவானதில் ஒரு சின்னப் பங்கு பணத்தை வைத்துக்கொண்டு, முதல் முயற்சியிலேயே செய்யப் போயிருக்கிறோம். வேலை பார்த்த கலைஞர்கள்மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. கிடைத்த நாளில் கிடைத்த காசில் அவர்கள் உழைத்திருக்கிறார்கள். அச்சு அசல் மனிதர்களைப் போலத்தான் இருக்கவேண்டும் என்று முதல் நாளே எடுத்த முடிவு இருக்கிறதே, அதன்மேல்தான் என் கோபம் எல்லாம்.

ஏனென்றால் வேறு வழி நம் வீட்டிலேயே இருந்தது. 1950இல் கல்கி பத்திரிகையில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது மணியம் வரைந்தாரே, அந்தக் கோடுகளில்தான் இரண்டு மூன்று தலைமுறைக்கு வந்தியத்தேவனும் குந்தவையும் நடமாடினார்கள். 2022இல் மணிரத்னத்தின் படம் வந்தபோதுகூட எத்தனை பேர் மணியத்தின் ஓவியத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள்! அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைச் சுமந்து வாளோடு நடக்கிறான். அந்தப் படம் அசையாமலே அசைகிறது. விளக்கு வெளிச்சத்தில் வண்ணத்தோலை ஆட்டி ராமாயணம் காட்டிய தோல்பாவைக்கூத்துக் கலைஞர்கள் நம் ஊரில் இருந்தார்கள், இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் ஐம்பது அடி உயர சினிமா பேனரைக் கையால் தீட்டியவர்கள், ரஜினியின் முகத்தில் பச்சையும் ஊதாவும் தைரியமாக அடித்திருக்கிறார்கள். யாருக்காவது அது ரஜினி இல்லை என்று தோன்றியதா? ஆட்டோவின் முதுகில் நெற்றியில் விழும் முடியும் ஒரு கறுப்புக் கண்ணாடியுமாக நாலு கோடு இழுத்தால் போதும், அது அவர்தான். மயிர்க்கால் வரை நிஜமாகக் காட்டவேண்டிய அவசியமே இல்லாத முகம் அது. அந்த நாலு கோட்டில் படத்தை எடுத்து, அதே கதையை, அதே இசையை, அதே குரலை வைத்திருந்தால் மகனைப் பார்க்கும் அந்தத் தகப்பனின் கண்ணில் நாமும் கலங்கியிருப்போம்.

நிஜத்தைப்போல் இருந்தால்தான் உசத்தி என்ற மயக்கம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. 2019இல் 'லயன் கிங்' படத்தை அசல் சிங்கம் மாதிரியே செய்து, தமிழிலும் குரல் கொடுத்து வெளியிட்டார்கள். ரோமம் ரோமமாகத் தெரிந்தது. 1994இல் கையால் வரைந்த பழைய படத்தில், அப்பனை இழந்த குட்டி சிம்பாவின் முகத்தில் இருந்த துக்கம் புதிய படத்தில் இல்லை. நிஜச் சிங்கத்துக்குப் புருவத்தைத் தூக்கி அழத் தெரியாதே.

கோச்சடையானுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் படம் ஓடி முடிந்த பிறகு நடந்தது. முகம் சரியாக வரவில்லை என்பதுதான் பாடமாக இருந்திருக்கவேண்டும். நம் சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்ட பாடம், தமிழ் ஜனங்களுக்கு அனிமேஷன் ஒத்துவராது என்பது. அதற்குமேல் பெரிய தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. 2007இலேயே இளையராஜா இசையில் 'இனிமே நாங்கதான்' என்று ஒரு முழுநீளத் தமிழ் அனிமேஷன் படம் வந்ததையும் மறந்தார்கள். 2025இல் 'மகாவதார் நரசிம்மா' வந்தது. கன்னடத் தயாரிப்பு நிறுவனம் வெளியிட்ட படம். தமிழ் உட்படப் பல மொழிகளில் ஓடியது. தியேட்டரில் குடும்பம் குடும்பமாக வந்து கைதட்டிவிட்டுப் போனார்கள், பாட்டிகள் கும்பிட்டார்கள். ஒத்துவராத ஜனங்கள் எங்கிருந்து வந்தார்கள்?

என் அக்கா மகன் வேலை பார்ப்பது வெளிநாட்டுப் படங்களுக்கு. யாரோ ஒரு மந்திரவாதியின் அங்கி காற்றில் எப்படிப் பறக்கவேண்டும் என்று இரவெல்லாம் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். சென்னையிலும் ஹைதராபாத்திலும் பெங்களூருவிலும் இவனைப்போல எத்தனையோ பிள்ளைகள். தமிழ்க் கதை ஒன்றுக்கு வரைந்து கொடு என்று அவனை யாரும் கூப்பிட்டதில்லை.

படத்தின் முடிவில் சேனா என்று இன்னொரு பாத்திரத்தைக் காட்டுவார்கள். ராணாவின் அண்ணன். அடுத்த பாகத்துக்கான கொக்கி அது. அவன் அத்தனை வருஷம் எங்கே இருந்தான், எதற்காகத் திரும்பி வந்தான் என்று யாருமே சொல்லவில்லை, கேட்பாரும் இல்லை. எனக்கு அந்தக் கதை வேண்டும். பைன்வுட் வேண்டாம், மார்க்கர் வேண்டாம். பேனர் தீட்டிய கையில் ஒன்றையும் கணினி தெரிந்த என் அக்கா மகன் மாதிரிப் பிள்ளைகளில் பத்துப் பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, அவர்களுக்கு வேண்டிய நாளைக் கொடுத்து, கோட்டோவியமாகவே எடுக்கட்டும். முதல் நாள் முதல் காட்சிக்கு நான் போவேன்.