சின்னப்பர் விட்டுவந்த போர்வை



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும், முட்டுக்காட்டுப் பக்கமிருந்து ஒரு தம்பதியர் பங்கு இல்லத்துக்கு வந்தனர். கணவர் நாற்பது ஆண்டுகள் கட்டுமரத்திலும் பின்னர் படகிலும் தொழில் செய்தவர். சரக்குக் கப்பலில் பொறியாளராயிருக்கும் மகன், வருகிற ஏப்ரலில் கிரேக்கத் தீவுகளைச் சுற்றிவரும் பயணிகள் கப்பலில் பெற்றோருக்குச் சீட்டு எடுத்துவிட்டான். பத்மு தீவும் எபேசு நகரும் வழியில் உண்டு. மகிழ வேண்டிய செய்திதான். அம்மையாரின் முகத்திலோ கவலை.

"பெட்டியில் என்ன வைப்பதென்றே தெரியவில்லை சாமி. எனக்கோ இளைப்பு. இவரோ, கடல் எனக்குத் தெரியாதா, நாலு வேட்டி போதும் என்கிறார்."

"நீங்கள் என்ன எடுத்து வைத்திருக்கிறீர்கள் அம்மா?" என்றேன்.

எட்டுப் பட்டுப் புடவைகள்! கப்பலில் நாள்தோறும் விருந்தாம். ஒரே புடவையை இருமுறை கட்டினால் மகனுக்கு இழுக்காம்.

நம் பக்கத்து முதியோருக்குக் கப்பற் பயணம் புதிதன்று. சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றுவந்த 'சிதம்பரம்' கப்பலை நினைவில் வைத்திருப்போர் இன்னும் உளர். 1985-இல் அது தீப்பற்றியதோடு அந்த ஓட்டம் நின்றது. அன்று தகரப் பெட்டிகளில் ஊறுகாய் போயிற்று, கருவாடு போயிற்று, கலியாணப் பட்டும் போயிற்று, கம்பளி போகவில்லை. புறப்படும் ஊரும் சேரும் ஊரும் வெப்ப நாடுகள். ஆகவே கடற்பயணத்துக்குத் துணி எடுத்துவைக்கும் நம் வழக்கத்தில் குளிருக்கு இடமே இல்லாமற் போயிற்று.

அங்கே வசந்த காலம், இதமாயிருக்கும் என்று மகன் தொலைபேசியில் சொன்னானாம். இதம் யாருக்கு? பனியில் உறைந்து கிடந்த வட ஐரோப்பியருக்கு இதம். ஏதென்ஸ் நகரில் ஏப்ரல் மாதத்துப் பகல் வெப்பம் சுமார் 20 டிகிரி; இரவில் 11, 12. நம் சென்னையில் தை மாத விடியற்காலைதான் 20 டிகிரியைத் தொடும். அதாவது, நாம் போர்வையை இழுத்து மூடும் நேரம் அவர்களுக்கு நண்பகல். அதுவும் கரையில். நிலம் வெயில் பட்டவுடன் சூடாகும். கடல் மெல்லத்தான் சூடாகும். குளிர்காலம் கழிந்தும் ஏப்ரலில் அக்கடல் நீர் ஏறத்தாழ 16 டிகிரியிலேயே நிற்கும். அதன்மேல் வரும் காற்று அக்குளிரைச் சுமந்தே வரும். காலையில் வெயில், மாலையில் மழை, நடுவே சூறைக்காற்று, எல்லாம் ஒரே நாளில் கூடும்.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்தவனல்லன். உரோமையில் பயின்ற நாட்களில், ஓர் ஏப்ரலில், பிரிந்திசித் துறைமுகத்திலிருந்து கிரேக்க நாட்டுப் பத்ராசுக்கு இரவுக் கப்பலேறினேன். துறைமுகத்தில் நல்ல வெயில். கம்பளிச் சட்டையைப் பெட்டியின் அடியில் திணித்துப் பெட்டியைக் கீழ்த்தளத்தில் ஒப்படைத்துவிட்டு, பருத்தி அங்கியோடு மேல்தளத்தில் நின்று செபமாலை தொடங்கினேன். மூன்றாம் தேவ இரகசியம் வருமுன் பல் கிட்டிவிட்டது. முன்பின் அறியாத ஒரு லாரி ஓட்டுநர் தம் மேற்சட்டையைக் கழற்றித் தந்திராவிட்டால் பத்ராசில் மருத்துவரைத் தேடியிருப்பேன்.

அதன் பிறகுதான், இன்று பவுல் என்று நாம் வாசிக்கும் சின்னப்பர், தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் கடைசி அதிகாரம் எனக்கு விளங்கிற்று. துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த போர்வையைக் கொண்டுவரும்படி கேட்கிறார். குளிர்காலத்துக்கு முன்பே வந்துவிடும்படியும் வேண்டுகிறார். குருமடத்தில் அந்தப் பகுதியைப் படித்தபோது, கூடவே அவர் கேட்கும் ஏட்டுச் சுருள்கள் எவை என்று ஒரு மணி நேரம் வாதிட்டோம். போர்வையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை! அக்கடலை அறிந்த உரோமையர் நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடப்பட்டதாகவே கொண்டனர் என்று வெகேசியுஸ் என்ற ஆசிரியர் எழுதியுள்ளார். மார்ச்சில் திறந்த பின்னும் மே மாத இறுதி வரை அச்சம் நீங்கியதாக அவர்கள் எண்ணவில்லை. நம் தம்பதியரின் ஏப்ரல் அந்த இடைக்காலத்தில்தான் விழுகிறது.

ஆகவே நான் சொன்னது இதுதான். தடித்த ஓர் ஆடையைவிட மெல்லியவை மூன்று மேல். உடலோடு ஒட்டிய உள்ளாடை ஒன்று. 'தெர்மல்' என்று கேட்டால் கடையில் தருவார்கள். அதன்மேல் கம்பளி. எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் சட்டை. அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்றே உடற்சூட்டைக் காக்கிறது; வெயில் வந்தால் ஒவ்வொன்றாய்க் கழற்றலாம். பருத்தி நனைந்துவிட்டால் உடலில் ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். கம்பளி ஈரத்திலும் ஓரளவு காக்கும். நம்பாதவர்கள் மார்கழி விடியலில் ஈரச் சட்டையோடு முட்டுக்காட்டுப் பாலத்தின்மேல், முகத்துவாரக் காற்றில் ஐந்து நிமிடம் நின்று பார்க்கட்டும்.

இதைக் கேட்டதும் கணவர் சிரித்தார். "அதற்காகத்தானே சாமி, எங்கள் அப்பா மார்கழியில் கடலுக்குப் போகும்போது உலர்ந்த சட்டை ஒன்றை டப்பாவில் அடைத்துக் கட்டிக்கொண்டு போவார்!" நான் சுற்றிவளைத்துச் சொன்னதை அவர் ஒரே டப்பாவில் அடக்கிவிட்டார். ஒரு முழு மாற்றுடை நனையாமல் தனிப்பையில், அதுவும் கைப்பையில் இருக்க வேண்டும். விமானத்தில் பெரிய பெட்டி பிந்தி வருவது புதிதல்ல. கப்பலோ பெட்டிக்காகக் காத்திராது. அம்மையாரின் இளைப்பு மருந்தும் உறிஞ்சியும் அந்தக் கைப்பையிலேயே இருக்கட்டும். குளிர்காற்று நேரே மூச்சில் ஏறினால் இளைப்பு கிளம்பும். மூக்கையும் வாயையும் சுற்றிக்கொள்ள ஒரு கம்பளிக் கழுத்துத்துணி வேண்டும். புறப்படுமுன் தம் மருத்துவரையும் அவர் பார்த்துவிட வேண்டும்.

புடவை கட்டலாமா என்று கேட்டார். தாராளமாக. பத்முவில் 1088-இல் நிறுவப்பட்ட புனித அருளப்பர் மடத்துக்குள் தோளும் முழங்காலும் மூடித்தான் செல்ல வேண்டும். அங்கே புடவைக்கு மறுப்பில்லை. மேல்தளத்துக் காற்றுதான் அதற்குப் பகை. முந்தானைக்கு ஊசி, உள்ளே தெர்மல் காற்சட்டை, காலுக்குக் காலுறையும் ரப்பர் அடிச் சப்பாத்தும். ஈரத் தளத்தில் செருப்பு வழுக்கும். குடையை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

எட்டுப் பட்டில் ஐந்து வெளியே வந்தன. என் அலமாரியில் கிடந்த கம்பளிச் சட்டையை, கணவரின் அளவுக்குச் சரியாயிருந்ததால், கொடுத்தனுப்பினேன். மறுநாள் கோவளம் கடைத்தெருவில் அவரைக் கண்டேன்.

"பெட்டி மூடியாயிற்றா?" என்றேன்.

"மூடியாயிற்று சாமி. எப்படியோ நாலாவது பட்டு ஒன்று உள்ளே போய்விட்டது" என்றார்.

நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.